வலது கையால் பறித்த ராஸ்பெரி

நான் ராஸ்பெரிச் செடி வாங்கியது ஆசையால் அல்ல, ஆத்திரத்தால். கடையில் உள்ளங்கை அளவுப் பெட்டியில் விற்பார்கள். மேலே இருக்கும் பழங்கள் மினுங்கும், அடியில் இருப்பவை வீட்டுக்கு வருவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் மகளுக்கு அந்தப் பழம் என்றால் உயிர். ஒரு நாள் வாங்கிவந்த பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது. அன்றைக்கே திரும்பிப் போய், பழத்தை மாற்றாமல், செடிகள் விற்கும் பக்கம் நடந்து ஆறு செடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவு ஒடுங்கியது, ஆனால் நீளமானது. வேலியோரம் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து மூன்றடிக்கு ஒன்றாக நட்டேன். ஒவ்வொரு செடியிலும் ஓர் அட்டை தொங்கியது. எப்படி நடுவது, எப்போது வெட்டுவது என்று பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. என் அப்பா வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர். தோட்டத்துக்குள் தவழ்ந்து வளர்ந்தவளுக்கு ஒரு துண்டு அட்டை பாடம் எடுக்க வந்துவிட்டதா என்ற திமிர்தான். ஆறு அட்டைகளையும் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

முதல் வருடம் குச்சிகள் இடுப்பளவு வளர்ந்தன. ஒக்டோபரில் இலை கொட்டியது. ஊரில் முருங்கை காய்த்து ஓய்ந்ததும் கிளைகளைத் தறித்துவிடுவோம். தறித்தால் அடுத்த பருவத்துக்குப் புதிதாகத் தழைத்துக் காய்க்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அதோடு பனி விழுவதற்கு முன்பு வளவு துப்புரவாக இருக்கவேண்டும் என்பதும் என் குணம். கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் நிலத்தோடு வெட்டிக் கட்டி, கடதாசிப் பையில் போட்டு வாசலில் வைத்தேன்.

அடுத்த வருடம் என் தோளுயரத்துக்கு எழும்பின. இலை ஒவ்வொன்றும் கை அகலம். பூ இல்லை. ஒக்டோபரில் மறுபடி தறித்தேன். அதற்கு அடுத்த வருடம் இன்னும் அதிகக் குச்சிகள், இன்னும் பெரிய இலை, பூ மட்டும் இல்லை. மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன், தேயிலைச் சக்கை போட்டேன், முட்டைக்கோதை இடித்துத் தூவினேன். அடி உரத்தில்தான் குறை என்று நினைத்தேன்.

என் கணவர் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் பின்கதவைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நீர் நல்லாய்க் கீரை வளர்க்கிறீர். நாளைக்கு வறை வறுப்பமோ?" என்பார்.

"ஒரு நாளைக்குக் காய்க்கும். அப்ப வாயைத் திறக்கப்படாது" என்பேன் நான்.

நான்காவது வருடம் மூன்று வாரம் பிந்திவிட்டேன். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டதால் எனக்கு மேலதிக வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டத் தொடங்கினேன், கடைசி மூலை மிச்சம் இருக்கும்போது பனி கொட்டியது. விறைத்த விரலோடு மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அடுத்த ஜூனில் அந்த மூலை மட்டும் பூத்தது. தேனீக்கள் மொய்த்தன. ஜூலையில் பழம். வெட்டாமல் விட்ட நாலைந்து குச்சிகளில் மட்டும், பட்டை பழுப்பான பழைய குச்சிகளில் மட்டும், பழம் பழமாகத் தொங்கியது. பக்கத்தில் பச்சையாக எழும்பிய புதுக் குச்சிகளில் வழக்கம்போல் இலைதான்.

வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் வளர்வது, அடுத்த வருடம் காய்ப்பது, காய்த்ததும் காய்ந்து போவது. இவ்வளவுதான் இந்தச் செடியின் கதை. மூன்று வருடமாக அடுத்த வருடத்துப் பழத்தை என் கையாலேயே வெட்டிக் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்திருக்கிறேன். அட்டையில் அதைத்தான் எழுதியிருந்தார்கள் என்று பிறகு கடையில் போய் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

இவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு வேண்டுமா? அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் கார் தரிப்பிடத்தில் நாலு பேரை நிறுத்திவைத்துச் சொன்னார். "என்ரை மனிசி ராஸ்பெரியை முருங்கை எண்டு நினைச்சு மூண்டு வருசமாய்த் தறிச்சவ." சொல்லும்போது வலது கையை வீசி வீசிக் காட்டுவார். அவருக்குக் கதை சொல்ல வாயைவிடக் கைதான் முக்கியம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆனால் வேலை முறையை மாற்றினேன். இவர் வரிசையின் இரண்டு தலைப்பிலும் மரக்கட்டை நட்டு இரண்டு கம்பி இழுத்துத் தந்தார். பழைய நீலச் சேலை ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்தேன். அறுவடை முடிந்ததும் காய்த்து ஓய்ந்த குச்சியை அடியோடு வெட்டுவேன், புதுக் குச்சியை நாடாவால் கம்பியில் கட்டுவேன். நீல நாடா இருந்தால் காய்த்து ஓயும்வரை கத்தரிக்கோல் கிட்டப் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆறு செடி ஒரு நீண்ட வேலியாகியது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெப்ரவரி மாதத்தில், காலைச் சாப்பாட்டின்போது இவருடைய கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழும்பவில்லை. ஸ்ரோக், பக்கவாதம் என்றார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. கால் திரும்பி வந்தது, பேச்சு கொஞ்சம் இழுத்தாலும் வந்தது. வலது கை வரவில்லை. தோளும் முழங்கையும் அசையும். விரல்கள் மூடினால் இறுக்கமாக மூடும், மெதுவாக மூடத் தெரியாது, திறக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக யோசித்துத் திறக்கும்.

கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இயந்திரம் ஓட்டியவர். வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை உடைத்தது சோறு. ஆஸ்பத்திரியில் இடது கையில் கரண்டி கொடுத்தார்கள், நோயாளி என்று சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து முதல் நாள் சோற்றுத் தட்டின் முன்னால் இருந்தபோது வலது கை தானாகத்தான் போனது. குழைக்க முடியவில்லை. ஒரு பிடி இறுக்கிப் பிடித்தார், விரலிடுக்கால் பிதுங்கி விழுந்தது, மிச்சத்தை வாயருகே கொண்டுபோனால் விரல் திறக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார்.

நாலு பேர் முன்னால் இடது கையால் சாப்பிடுவது அவருக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். இடது கையால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கமாட்டார், வாங்கமாட்டார். இங்கே முப்பது வருடம் இருந்தும் கடையில் மிச்சக் காசைக்கூட வலது கையால்தான் வாங்குவார். ஒரு பிள்ளை முதன்முதலில் நற்கருணை வாங்கிய முதல்நன்மை விழாவில் யாரோ கேக் கொடுக்க, வேறு வழியில்லாமல் இடது கையால் வாங்கி, "குறை நினையாதேங்கோ" என்று மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். வீட்டிலும் எங்களோடு சாப்பிடுவதில்லை. நாங்கள் சாப்பிட முன்பு, குசினி மேசையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, இடது கையில் கரண்டியோடு சாப்பிட்டு முடித்துவிடுவார். யாராவது உள்ளே வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

கைப் பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். நல்ல பிள்ளை. பிசைவதற்கு ஒரு பச்சைக் களி, உடுப்புக் காயவிடும் கிளிப்புகள், கோக்கும் மணிகள் எல்லாம் தந்தாள். அவள் இருக்கும்வரை செய்வார். அவள் கார் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுவார். "சின்னப் பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான்" என்பார்.

அந்த ஜூன் கடைசியில் மகள் ஒரு செய்தி சொன்னாள். அவள் விரும்பியிருந்த பொடியனின் தாய் தகப்பன் முறையாக வந்து கேட்க விரும்புகிறார்கள். யூனியன்வில்லில் இருக்கும் குடும்பம், எங்களைப் போலவே கோயிலுக்குப் போகிறவர்கள். ஓகஸ்ட் முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்வோம் என்றேன்.

இவர் யோசித்துவிட்டு, "வரட்டும். நான் நேரத்தோடை சாப்பிட்டிட்டு அவையோடை சும்மா கதைச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றார்.

பெண்ணைக் கேட்டு வந்தவர்களோடு பெண்ணின் தகப்பன் பந்தியில் இருக்கவில்லை என்றால் அதற்கு எங்கள் ஆட்களிடம் ஓர் அர்த்தம்தான் உண்டு. மனம் ஒப்பவில்லை என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாதா?

"நீங்கள் அவையோடை இருந்து கையால சாப்பிடுறியள்" என்றேன்.

"என்னாலை ஏலாது."

"இன்னும் அஞ்சு கிழமை கிடக்கு."

"நீர் சும்மா இரும்" என்று எழுந்து போய்விட்டார். நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது கட்டின நாளிலிருந்து அவருக்குத் தெரியும்.

என்ன செய்வது என்று அப்போது எனக்கும் தெரியவில்லை. ஜூலை தொடக்கத்தில் பழம் சிவக்கத் தொடங்கியது. காலைப் பனித்துளி காய்ந்ததும் பறிக்கவேண்டும், ஈரத்தோடு பறித்தால் மத்தியானத்துக்குள் பழுதாகும். ஒரு காலை பறித்துக்கொண்டு நிற்கும்போது என் விரல்களைப் பார்த்தேன். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மூன்றும் பழத்தைச் சுற்றி நிற்கும், நெரிக்காது. நன்றாகப் பழுத்த ராஸ்பெரியை இழுக்கத் தேவையில்லை. தொட்டு மெல்ல அசைத்தால், வெள்ளைக் காம்பைச் செடியிலேயே விட்டுவிட்டு உள்ளே குழியோடு கையில் வந்துவிடும். வரவில்லை என்றால் பழுக்கவில்லை என்று அர்த்தம். பிடித்து இழுத்தால் நசியும். சோற்றைக் குழைத்துச் சேர்த்து எடுக்கிற அதே மூன்று விரல், அதே மெதுவு. எனக்கு அங்கேயே ஒரு மூர்க்கம் வந்துவிட்டது.

ஐஸ்கிரீம் வாளி ஒன்றில் கயிறு கட்டி அவருடைய கழுத்தில் மாட்டினேன். "எனக்கு வேலைக்கு நேரமாகுது. பழமெல்லாம் பழுதாகப் போகுது. கொஞ்சம் புடுங்கித் தாங்கோ" என்று வரிசையின் முன்னால் நிறுத்தினேன். அவர் இடது கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"சாப்பிடுற சாமானையும் இடக்கையால தொடுறியளோ?"

எங்கே தொட்டால் நோகும் என்று தெரிந்துதான் தொட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கம்தான், ஆனால் மறுபடி அந்த இடத்தில் நின்றால் மறுபடியும் அதைத்தான் கேட்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அரை அடி பின்னால் போனேன். பிறகு வலது கையைத் தூக்கினார்.

ஒரு பழமும் முழுதாக வரவில்லை. பிடித்தால் நசிந்தது, விரலைத் திறக்கமுடியாமல் கையை உதற, பழம் கன்னத்திலும் சட்டையிலும் தெறித்தது. குச்சியில் இருக்கும் சின்ன முட்கள் புறங்கையைக் கீறின. பத்து நிமிடத்தில் கயிற்றோடு வாளியைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் புல்லில் குந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வேலைக்கு அன்றைக்குப் பிந்தித்தான் போனேன்.

பின்னேரம் அந்த நசிந்த பழத்தைக் கழுவி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்துச் சம்பலாகப் பிசைந்து, ஒன்றும் சொல்லாமல் அவருடைய சோற்றில் ஓரமாக வைத்தேன். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், கரண்டியால் எடுத்துத் தின்றார். இன்னொரு தரம் எடுத்தார்.

"என்ன இது?"

"நீங்கள் நசிச்சது."

மூன்றாவது தரமும் எடுத்தார். பிறகு, "உப்புக் காணாது" என்றார்.

அடுத்த நாள் காலை வாளியை நான் எடுத்துக் கொடுக்கவில்லை, தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு பாத்திரம். நசிந்தது ஒன்றில், முழுசு மற்றதில். நசிந்தது எதையும் எறிவதில்லை என்று முடிவெடுத்தேன். பழத்தை நாசமாக்குகிறேன் என்று அவர் நிறுத்துவதற்கு இடம் கொடுக்கக்கூடாது. பழத்தின் அளவு சீனி, அரைத் தேசிக்காயின், அதாவது எலுமிச்சையின், புளி, அகன்ற சட்டி, இவ்வளவு போதும் ஜாம் காய்ச்ச. புளிக்குப் பதிலாகப் பழச்சாற்றை விட்டு மிளகு சீரகம் இடித்துப் போட்டு ரசம் வைத்தேன். இளஞ்சிவப்பாக வந்தது. "உந்த ரசத்தைப் பற்றி வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார், ஆனால் இரண்டு கோப்பை குடித்தார். வேலையிடத்துக்குப் போத்தல் போத்தலாக ஜாம் கொண்டுபோனேன். முழுசாக வருகிறவற்றைத் தட்டத்தில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி உறைபெட்டியில் வைத்து, இறுகியதும் பையில் போடுவேன். முதல் வாரம் அவர் பறித்ததில் அந்தத் தட்டத்தில் வைக்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாம் வாரம் இரண்டு மூன்று. அவர் வந்து உறைபெட்டியைத் திறந்து பார்ப்பதை நான் காணாதது போல இருப்பேன்.

செம்பு நிறத்தில் ஒரு வண்டு வந்து இலைகளை வலைபோல அரித்துத் தின்னும். சவர்க்காரத் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே பிடித்து, குச்சியைத் தட்டினால் உள்ளே விழுந்துவிடும். அதற்கு இடது கை போதும் என்று அனுமதி கொடுத்தேன். வேலைகளில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மகளுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "அம்மா, ப்ளீஸ், அப்பாவைப் புஷ் பண்ணாதேங்கோ. ஹி இஸ் ரயேர்ட், களைச்சுப்போனார். அவையள் வந்து அப்பா ஸ்பூனால சாப்பிட்டா என்ன? நோ வன் கெயார்ஸ்."

"அவர் கெயார் பண்ணுறார்" என்றேன். "உன்ரை கலியாணத்துக்காக நான் இதைச் செய்யேல்லை. நீ கட்டிக்கொண்டு போயிடுவாய். சுவரைப் பார்த்துச் சாப்பிடுற மனிசனோடை நான்தான் இருக்கவேணும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே விளங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. இந்த வருடம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டால் வாழ்நாள் முழுதும் அப்படியே ஆகிவிடும். கதை சொல்லி, கையை வீசி, என்னைக் கேலி பண்ணி, ஒரு மேசையையே சிரிக்கவைத்த மனிதர் சுவரோடு முடிந்துபோவார். கை திரும்பி வரும் என்று எந்த டொக்டரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வரவைக்கிறேன் என்று நான்தான் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஜூலை நடுவில் வெயில் ஒரு கிழமைக்கு வறுத்தெடுத்தது. பழம் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துக் கொட்டியது. வெக்கையில் அவருடைய கை வீங்கி, முன்பைவிட மோசமாக விறைத்துப்போனது. தட்டத்தில் ஒரு நாள் ஒன்றுமே இல்லை. செடிகளுக்கு நடுவே நின்று, "விடும். எனக்குக் காணும், போதும். கைவிட்டிடும்" என்றார். நான் உள்ளே வந்து, அடுப்பில் ஜாம் இருப்பதையும் மறந்து, கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜாம் அடிப்பிடித்து வீடெல்லாம் மணத்தது. கருகினதையும் போத்தலில் அடைத்தேன். அன்றைக்கு எனக்கு யார்மேலும் இரக்கம் இருக்கவில்லை, என்மேலும் இல்லை. அடுத்த நாள் காலை வாளியோடு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தை நீட்டினார்.

வெயில் தணிந்தது, வீக்கம் வற்றியது. ஜூலை முடியும்போது வரிசையில் பழம் குறைந்துவிட்டது, ஆனால் அவர் எடுப்பதில் பாதிக்கு மேல் முழுசாக வந்தது. நிறைய நேரம் எடுக்கும். ஒரு பழத்தைத் தொட்டு, காத்திருந்து, விரலோடு பேசுகிறவர் போல நின்று எடுப்பார். பிறகு விரல் திறக்கவேண்டும், அதற்கும் காத்திருப்பார். பழத்துக்கு இருக்கிற பொறுமை அவருக்கும் வந்துவிட்டது.

ஆனால் பழம் ஓரிடத்தில் நிற்கும், சோறு நிற்காது. குழைக்கவேண்டும், சேர்க்கவேண்டும், வாயருகே கொண்டுபோய்ப் பெருவிரலால் தள்ளவேண்டும். அந்தக் கடைசிக் கிழமை குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டார். நான் கதவைத் தட்டவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் மேசைக்குக் கீழே சோறு சிந்திக் கிடக்கும், கரண்டி கழுவாமல் கிடக்கும். கையால் எவ்வளவு, கரண்டியால் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தமிழ்க் கடையில் வாழையிலை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் போட்டேன். சம்பா அரிசிச் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பயத்தங்காய், பொரித்த மீன், ராஸ்பெரிச் சம்பல். இலைகளைத் துடைத்துக்கொண்டு வரும்போது, இவ்வளவு நாளும் விடாப்பிடியாக நின்ற எனக்குத்தான் கடைசியில் பயம் பிடித்தது. சோறு பிதுங்கி விழுவதை அந்தப் புதுச் சனங்கள் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாமல் அவருடைய இலைக்குப் பக்கத்தில், கை துடைக்கும் கடதாசித் துண்டுக்குக் கீழே, ஒரு கரண்டியை வைத்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். பொடியனும் தாயும் தகப்பனும். தகப்பன் பஸ் ஓட்டுகிறவர், பெரிய தொண்டை. தாய் வங்கியில் வேலை, அதிகம் பேசாத மனுசி. கதைத்துச் சிரித்து, பிள்ளைகளின் விஷயம் ஒருவாறு பேசி முடிந்து, எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். நான் பரிமாற நின்றேன். இவர் செபம் சொன்னார். பிறகு கடதாசித் துண்டை எடுக்க, கரண்டி தெரிந்தது.

அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். வலது கையால், மூன்று விரலால், மெல்ல எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உது தேவையில்லை. கொண்டுபோம்."

முதல் பிடியில் பாதி விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. அவர் அவசரப்படவில்லை. குழைத்தார், சேர்த்தார், நின்றார், தூக்கினார். வாயோரமாக நாடியில் பருப்பு ஒழுகியது. இடது கையில் கடதாசி எடுத்துத் துடைத்துவிட்டு அடுத்த பிடிக்குப் போனார். நான் அவருடைய விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்குக் கறி வேண்டும், யாருக்குச் சோறு வேண்டும் என்று கேட்கவும் மறந்துவிட்டேன்.

மற்றவர்களின் இலை முடிந்துவிட்டது. அவருடையதில் மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழும்புவது மரியாதை இல்லை. அந்த வழக்கம் எங்கள் தலைமுறைக்குத் தெரியும், இங்கே பிறந்ததுகளுக்கு எங்கே தெரியும்? பொடியன் கை கழுவ எழும்பப் பார்த்தான். தாய் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இடது கையை அவனுடைய முழங்காலில் வைத்தாள். அவன் இருந்தான். எங்கள் மகள் சாப்பிட்டு முடிந்த அடுத்த நொடி எழும்பித் தொலைபேசியைத் தேடுகிறவள், அவளும் இருந்தாள்.

பஸ்காரர் ஏற்கெனவே இரண்டு தரம் போதும் என்று சொன்னவர். இப்போது வெறும் இலையைக் காட்டி, "தங்கச்சி, அந்தச் சிவப்புச் சம்பலோடை இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றார். போட்டேன். ஒவ்வொரு பருக்கையாகத் தின்றார். அதுவும் முடிந்தது. பிறகு விரலால் இலையில் கோடு கீறிக்கொண்டு, தன்னுடைய பஸ்ஸில் ஏறுகிற சனங்களைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினார். ஒன்று முடிய இன்னொன்று. எல்லோருடைய கையிலும் கறி காய்ந்து மஞ்சளாகிவிட்டது. ஒருவரும் இவருடைய இலையைப் பார்க்கவில்லை. முக்கால் மணித்தியாலம் போயிருக்கும்.

இவர் கடைசிச் சோற்றைச் சேர்த்து எடுத்தார். அது முழுதாகப் போய்ச் சேர்ந்தது. இலை வெறுமையாகக் கிடந்தது. பஸ்காரர் கதையை நிறுத்திவிட்டு, "என்ன சம்பந்தி, எழும்புவமோ?" என்று கேட்டார்.

இவர் தன் வலது கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடும்" என்றார்.

"எனக்கும்" என்றார் பஸ்காரர், காய்ந்த கையை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

நான் குசினிக்குள் போனேன். பானையில் சோறு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்கு எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.